இரவல் முகவரி

ஒரு மனிதரின் வேலையை நான் பறித்தேன். வசிக்கும் இடத்தை மாற்றிச் சொன்னார் என்பதுதான் அவர்மீது நான் எழுதிய குற்றம். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க எனக்குச் சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. அவரைவிட அதிக வருடங்களாக, அவரைவிடத் தேர்ச்சியாக, அதே பொய்யை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை.

சென்னைக்கு மேற்கே ஆவடியைத் தாண்டி, தண்டவாளத்துக்கு வடக்கே, ஒரு எலும்பு மில் இருந்தது. செத்த மாடுகளின் எலும்பு லாரி லாரியாக வந்து திறந்த வெளியில் குவியும். அதை வேகவைத்துக் காயவைத்துப் பொடித்து உரமாக்குவார்கள். மிச்சத்தில் தச்சர்களுக்கான பசை காய்ச்சுவார்கள். மில்லை ஒட்டியே தொழிலாளர் காலனி, அறுபது வீடு. அங்கே பிறந்தவன் நான். அந்த நாற்றத்தை விவரிக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். மூக்கில் ஏறும் நாற்றம் என்றால் பழகிவிடும். இது துணியில் ஏறுவது. கிணற்று நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமாக மிதப்பது. மழை பெய்து ஓய்ந்த பிறகு சோற்றுத் தட்டுவரை வருவது. உறவுக்காரர்கள் வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வேறு வழி இருக்கும் எவரும் குடியிருக்க நினைக்காத இடம் அது. நாங்கள் வேறு வழி இல்லாதவர்கள்.

காலனி ஆண்கள் யாரும் நல்ல சட்டையை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் நிறுத்துமிடத்தில், பின்சுவரை ஒட்டி, பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். வீட்டுச் சட்டையோடு சைக்கிளில் வந்து, குழாயடியில் முகமும் கையும் கழுவி, பெட்டியைத் திறந்து வேறு சட்டை மாட்டிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். சட்டையைப் போலவே முகவரியையும் வெளியே வைத்திருந்தோம். எல்லாக் குடும்பத்துக்கும் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ திருநின்றவூரிலோ ஒரு உறவினர் வீடு இருக்கும். ரேஷன் கார்டு அந்த முகவரியில், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை அந்த முகவரியில். பெண் பார்க்கும் சடங்கும் அங்கேதான் நடக்கும். கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும் இல்லத்தின் பெயரும் அவர்களுடையதே. இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. பத்து வயதில் என்னை அம்பத்தூரில் மாமா வீட்டில் விட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்புவரை நான் அம்பத்தூர்க்காரன். அப்பா முன்பே இறந்துவிட்டார். எனக்கு இருபத்தேழு வயதானபோது, காலனி வீட்டில் அம்மா இறந்தார். என்னோடு பாடையைத் தூக்கியவர்கள் மூன்று பேர். அதில் இளையவருக்குப் பத்தொன்பது வயது, எதிர் வீடு, என் அம்மாவை அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகு நான் காலனிக்குப் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்ட பெண்ணிடமும் அந்த இடத்தைச் சொல்லவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கொதிகலன் தொட்டிகள் செய்யும் ஒரு ஆலையில் பர்சனல் ஆபீஸர் ஆனேன்; ஆள் எடுப்பதும் அவர்கள் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கெட்டவர் அல்லர், வாயில் வந்ததைச் சொல்பவர். ஆள் எடுக்கும்போதெல்லாம் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: “எலும்பு மில் பக்கத்து ஆளுங்க மட்டும் வேணாம்ப்பா. மாசத்துல பாதி நாள் காய்ச்சல்னு லீவு. பக்கத்துல உக்காந்தா நமக்கும் சோறு எறங்காது.” நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் வெல்டர் வேலைக்கு, அம்மாவின் பாடையைத் தூக்கிய அந்த எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். விண்ணப்பத்தில் பூந்தமல்லிப் பக்கத்துக் கரையான்சாவடி முகவரி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மேசையில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே மடிந்துகொண்டது. “வணக்கம் சார்” என்றார், முன்பின் தெரியாதவர்போல. சோதனைக்கு இரண்டு தகடுகளை ஒட்டிக் காட்டினார். ஒட்டிய இடத்தை அழுத்தி வளைத்துப் பார்த்தார்கள், கீறல் விழவில்லை. “இந்த ஆள விட்டுடாதப்பா” என்றார் மேனேஜர். ஆறு மாதத் தற்காலிக வேலை, அதன்பின் நிரந்தரம் என்று முடிவாயிற்று.

அந்த ஆறு மாதங்களில் நான் ஒரு நாளும் நிம்மதியாக இல்லை. அவர் யாரோடாவது சிரித்துப் பேசினால் என்ன பேசுகிறார் என்று காது கொடுப்பேன். கேன்டீனில் அவர் இருக்கும் பக்கம் போக மாட்டேன். ஒரு மதியம், தொட்டிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை மறித்தார்.

“வாசன வருதா சார்? வெட்டிவேரு. உங்கம்மா சொல்லிக் குடுத்ததுதான். பொட்டியில இத்தப் போட்டு வெச்சா ஒருத்தனுக்கும் தெரியாதுடான்னு சொல்லும்.”

பத்தடி தள்ளி ஒருவர் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

“யாரு அம்மா? ஆள் மாத்திப் பேசுறீங்க” என்றேன்.

“ஆமா சார். மாத்திட்டேன் போல” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது மிரட்டல் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து என்றைக்கு வெடிக்குமோ என்று காத்திருந்தேன்.

நிரந்தரம் ஆக்குவதற்கு முன் வீடு பார்த்து வருவது எங்கள் ஆலையில் வழக்கம். நான் நேரில் போய், பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் கரையான்சாவடி போனேன். அது அவருடைய மைத்துனர் வீடு. மைத்துனரின் மனைவி கதவைத் திறந்தாள்.

“வா சார், குந்து சார். கம்பெனிதானே? அண்ணன் கடைக்குப் போய்க்கீது.”

“எத்தனை வருஷமா இங்க இருக்காரு?”

“கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இங்கதான் கீறாரு சார்.”

“அவரு பொண்ணு எங்க?”

“ஸ்கூலுக்குப் போய்க்கீது.”

“ஞாயித்துக்கிழமையா?”

அவள் ஒரு கணம் தடுமாறினாள். “டியூசன் சார்.”

ஆணியில் இரண்டு சட்டைகள் தொங்கின. இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு சவர செட், ஈரம் பட்ட அடையாளமே இல்லாமல். இந்த ஜோடனை முழுவதும் எனக்கு மனப்பாடம். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, இறந்துபோன அம்மாவும் அங்கேயே வாழ்ந்ததாகக் காட்ட, மாமா வீட்டில் அவருடைய புடவைகளை இப்படித்தான் கொடியில் போட்டு வைத்திருந்தார்கள். வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த பெண்மணி, நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்: “கம்பெனியா, லோன் ஆபீசா? கம்பெனின்னா இங்கதான் கீறாரு. லோன் ஆபீசுன்னா எனக்கு யாருன்னே தெரியாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடும் மனநிலையில்தான் இருந்தேன்.

மறுநாள் காலை அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நின்றுகொண்டே பேசினார்.

“நேத்து ஊட்டுக்கு வந்தீங்களாம். அவுங்க என்னென்னவோ ஒளறிக்கீறாங்க. பொய்தான் சார், இல்லன்னு சொல்லல. பொண்ணுக்கு ராவெல்லாம் மூச்சு இழுக்குது. அந்தக் காத்த வுட்டு வெளிய இட்டுகினு போன்றாரு டாக்டரு. கரையான்சாவடியிலயே ஒரு ஊடு பாத்து வெச்சிக்கீறேன். மில்லு காலனிக்காரனுக்கு ஊடு இல்லேன்னாரு ஊட்டுக்காரரு. அப்புறமா, பர்மனென்ட் லெட்டர் கொண்டா, சாவி தரேன்னுட்டாரு. ஒரு கையெழுத்து சார். நெசமாவே அந்த அட்ரஸுக்கு வந்துடுவேன்.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“உங்களுக்குத் தெரியாததா சார்” என்றார்.

மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது. மனத்தில் விழுந்தது இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். கையெழுத்துப் போட்டால் இவர் என்றும் என் எதிரே இருப்பார். என்றாவது வெளியே தெரிந்தால், ஏன் மறைத்தாய் என்று தோண்டுவார்கள்; தோண்டினால் நான் வருவேன். இவர் போய்விட்டால், பிறகு என்னைப் பற்றி எது சொன்னாலும் வேலை போன ஆத்திரத்தில் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தையின் மூச்சை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன். பிறகு எழுதினேன்: கொடுத்த முகவரி பொய், உண்மையில் வசிப்பது எலும்பு மில் காலனி.

அன்று மாலையே மேனேஜர் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நானும் ஓரமாக நின்றிருந்தேன். மேனேஜருக்கு உண்மையிலேயே வருத்தம். நல்ல வெல்டர் போகிறாரே என்று. அந்த வருத்தம் கோபமாக வந்தது.

“கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சியா? சரி, ஒண்ணு சொல்லு. அங்கேர்ந்து பொய் அட்ரஸ் குடுத்துட்டு வேற யாராச்சும் இந்த ஆலைக்குள்ள இருக்காங்களா?”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல சார்” என்றார். “நான் ஒர்த்தன்தான்.”

அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

பிறகு நெடுங்காலம் ஓடிவிட்டது. ஆலை மூடப்பட்டது. அதன் காகிதங்களெல்லாம் எடைக்குப் போயின. நான் எழுதிய அந்தத் தாளும் போயிருக்கும். எலும்பு மில்லும் நின்றுவிட்டது. ஆவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் மனைவியும் இருக்கிறோம். சென்ற ஆண்டு, காலை நடையின்போது, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஐடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, புது வீடு ஒன்றுக்குப் பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். பழைய மில் இருந்த இடமாம். பால்கனியில் நின்றால் ஏரி தெரியுமாம். “அங்க யாரு குடியிருப்பாங்க?” என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். “ஏன் சார், நல்ல ஏரியா” என்றார் அவர். காலனியைக் காலி செய்கிறார்கள், அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் வைத்திருப்பவர்களுக்கு அருகிலேயே மனை, இல்லாதவர்களுக்கு நகரத்தின் அந்தக் கோடியில் சதுப்பு நிலத்தில் கட்டிய அடுக்ககங்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றே காலனிக்குப் போனேன்.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே, தன் வாசலில் அவர் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். தலை முழுக்க நரை. “வாங்க சார்” என்றார், நேற்றும் வந்தவனை அழைப்பதுபோல. நான் நின்றபடியே சொன்னேன்: உங்கள் வேலையை எடுத்தது நான்தான், நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள் என்ற பயத்தில் எடுத்தேன்.

“தெரியும் சார்” என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே தொடர்ந்தார்: “அன்னிக்கு வெட்டிவேரு பேச்ச எடுத்தது மெரட்டுறதுக்கு இல்ல. நம்ம ஆளு ஒர்த்தரு நல்லா கீறாரேன்னு ஒரு இது. அவ்ளோதான்.”

மில் நிற்கும்வரை அவர்களால் அந்தக் காற்றை விட்டு வெளியே போக முடியவில்லை; நின்ற பிறகு போகவும் இல்லை. அந்த மகள் உள்ளேதான் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். மூச்சுக்கான பம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பத்தடி நடந்ததற்கே தோள்கள் ஏறி இறங்கின. “இத்த இட்டுகினு மாடியேற முடியாது சார். எனக்கு அதான் கவல” என்றார் அவர். அவருடைய ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, மகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கரையான்சாவடி. மின் இணைப்பு மில்லின் பெயரில். இடத்தைச் சொல்லக் கூச்சப்படாமல் வாழ்ந்த சில குடும்பங்களிடம் மட்டும் ஆதாரம் இருந்தது, மனை அவர்களுக்கு. கூச்சப்பட்டவர்களின் வாழ்க்கைக்கு எங்குமே பதிவு இல்லை. அங்கே முன்பு வசித்து இப்போது உரிமை கோராத ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுத்தால் பரிசீலிப்பதாகத் தாலுகா அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

“நான் வர்றேன்” என்றேன்.

அவர் யோசித்தார். “உங்க ஊட்ல தெரியுமா சார்?”

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் பயந்ததைப்போல இடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “உங்கம்மா படத்துக்கு நாப்பத்தஞ்சு வருஷமா விளக்கேத்துறேன். அவங்க எங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியக்கூடாதா?” என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தாலுகா அலுவலகத்தில் அதிகாரி ஒரு இளம்பெண். நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தைப் பொறுமையாக முழுவதும் படித்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்: காலனியில் பிறந்தேன், இவர் குடும்பம் எங்களுக்கு எதிர் வீடு, இவரைப் பிறந்த நாளிலிருந்து தெரியும். என் காகிதங்களைக் கேட்டார். மொத்தக் கோப்பையும் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பக்கத்தில் வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஆறாங்கிளாஸ்லேர்ந்து எல்லாம் அம்பத்தூர்னு இருக்கே சார். அதுக்கு முன்னாடி?”

“மில்லுக்குள்ள ஒரு கொட்டகைப் பள்ளிக்கூடம் இருந்தது. ரெக்கார்டு எதுவும் இல்ல.”

அவர் இன்னொரு தாளை எடுத்தார். அது என் அம்மாவின் இறப்புச் சான்றிதழ். “அம்மா அம்பத்தூர் வீட்டுல இறந்ததா இருக்கு. தகவல் குடுத்தவர்னு உங்க கையெழுத்துதான் இருக்கு.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். அம்மாவின் சாம்பல் ஆறுவதற்குள் போய், இறந்த இடத்தையும் மாற்றிப் பதிவு செய்திருந்தேன். வாழ்நாள் முழுவதும் அந்த நாற்றத்தில் இருந்த பெண்ணை, செத்த பிறகு ஒரு கையெழுத்தில் அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

“அது பொய்ம்மா” என்றேன்.

“அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? நான் எத எடுத்துக்கறது சார்?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“நான் தூக்கினேம்மா அந்தம்மாவ” என்றார் வெல்டர். “காலனிலேர்ந்து சுடுகாடு வரைக்கும்.”

“அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்குங்களா?”

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். இரண்டு டீ வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினேன். அவர் பாதி டீயைக் குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “ரொம்ப நல்லா மறைச்சிக்கீறீங்க சார். கவர்மென்டாலயே கண்டுபுடிக்க முடில.” அதில் குத்தல் இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

வாக்குமூலம் ஏற்கப்படவில்லை. நகரத்தின் அந்தக் கோடியில், ஏழாவது மாடியில் ஒரு வீடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் வீடு தரைத்தளம்; மகளோடு வந்து இருங்கள் என்று நானும் மனைவியும் போய்க் கூப்பிட்டோம். “இன்னொர்த்தர் அட்ரஸ்ல இருந்ததெல்லாம் போதும் சார்” என்றார். அடுத்த வாரம் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லிஃப்ட் வாரத்தில் சில நாள் ஓடும். ஓடாத நாட்களில் மகள் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள். ஒருமுறை அவள் பின்னால் நானும் ஏறிப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. பேச அவளிடம் மூச்சு இல்லை.

அம்மாவின் இறப்புப் பதிவைத் திருத்தக் கேட்டு இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். அதில் காலனி என்று ஏறிவிட்டால், என் வாக்குமூலத்தை மறுபடி எடுத்துக்கொள்ள இடம் உண்டு என்று வக்கீல் சொல்கிறார். நடக்குமா என்று தெரியாது. எனக்கு இருக்கும் காலத்துக்குள் நடக்குமா என்பதும் தெரியாது. திருத்தத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அம்மாவைத் தூக்கியவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். கேட்க நாக்கு எழவில்லை, கேட்டேன். மூன்று பஸ் மாறி வந்தார்.

அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாட்சியின் பெயரை எழுதினார். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இப்போது அவர் குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலே ஆட்டோக்காரர்கள் வர மறுக்கிறார்கள் என்று வரும்போதுதான் சொல்லியிருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். பிளாக் எண், ஏழாவது மாடி, கதவு எண், அந்தக் குடியிருப்பின் முழுப் பெயர். ஒன்றையும் விடவில்லை. எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதி முடித்து, தாளை என் பக்கம் திருப்பினார்.

“சரியா கீதா, பாருங்க சார்” என்றார்.